மூன்று லிட்டர் தண்ணீர்

மகளைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு தூத்துக்குடி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். தருவைகுளத்தில் உப்பளத்து வேலை முடிந்து இரண்டு பெண்கள் ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை. கால்களில் உப்புப் பூத்திருந்தது. இளையவள் சிரித்தபடி ஆரம்பித்தாள்.

"யக்கா, நேத்து மகளிர் குழுக் கூட்டத்துல தெனம் மூணு லிட்டர் தண்ணி குடிங்கன்னு சொன்னிய. இன்னைக்கு நீங்க ஒரு மொடக்கு குடிச்சியளா?"

"ட்ரெய்னிங்ல சொல்லித் தந்ததச் சொன்னேன். குடிச்சிட்டு ஒதுங்க எங்கனளா போவ? அளம் பூரா வெட்டவெளி. வரப்பெல்லாம் ஆம்பளைக நிக்கான்."

"நல்லாப் பேசினியன்னு சால்வை வேற போத்தினாவல்லா?"

"அத நாலு கம்புல கட்டுனா மறைப்பாவது ஆவும்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு இளையவள் குரலைத் தாழ்த்தினாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"ரெண்டு கிட்னியும் சுருங்கிட்டு வருதாம். இனியும் அடக்கினா மிஷின்லதான் கெடக்கணும்னாரு."

"பெறவு?"

"பெறவு என்ன, விடியக்காலம் அளத்துக்குத்தான்."

பெரியவள் ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னாள்:

"எம் மவளும் பள்ளிக்கூடத்துல தண்ணி குடிக்க மாட்டேங்கா. அங்க கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லியாம். வைதேன். 'நீ மட்டும் குடிக்கியாம்மா'ங்கா."

என் மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். வகுப்பில் அடிக்கடி வெளியே போகக் கேட்காத சமர்த்து என்று டீச்சர் பாராட்டியிருந்தார். அவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். காலையில் நிரப்பிக் கொடுத்தபடியே இருந்தது.