தேவதர்ஷினிக்குக் கொடுத்த பதவி

டீ நன்றாக இருக்கிறது மேடம். எங்கள் ஆலை கேண்டீனில் சர்க்கரையை அள்ளிக் கொட்டிவிடுவார்கள். எனக்கோ சுகர் ஜாஸ்தி. உங்களைப் போல ஒரு பெண் இன்ஸ்பெக்டர் என்னை விசாரிப்பதில் எனக்கு வருத்தமே இல்லை. பெண்கள் மேலே வர வேண்டும் என்று நைனார்பாளையம் பக்கத்தில் முதலில் வாயைத் திறந்த மேனேஜர் இந்த ஜெயப்பிரகாஷ்தான். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

எங்களுடையது ஜவ்வரிசி ஆலை. கல்வராயன் மலையிலிருந்து வரும் மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவெடுத்த பிறகு, கழிவுத் தண்ணீர் ஆழமான ஒரு தொட்டியில் போய் விழும். அடியில் சேறு கட்டிப் புளிக்கும். அதிலிருந்து விஷவாயு கிளம்பும். அரை நாள் ப்ளோயர் ஓட்டிக் காற்றை மாற்றிய பிறகுதான் ஆளை இறக்கிச் சேற்றை அள்ளுவோம். போன வருஷம் அந்த ப்ளோயர் எரிந்துபோனது. முதலாளி நாராயணசாமியிடம் பலமுறை சொன்னேன். "பாக்கலாம்" என்றார். தொட்டிக்குப் பொறுப்பு நான். ஏதாவது ஆனால் மாட்டுவது என் கழுத்து.

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டு வியாபாரி ஒருவர், உங்கள் ஆலையில் பெரிய பொறுப்பில் பெண்கள் இருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறார். முதலாளி என்னிடம் யோசனை கேட்டார். தேவதர்ஷினி என்றேன். லேபில் வேலை பார்த்த பெண், கூலிக்குப் போகும் குடும்பத்தில் முதல் பட்டதாரி, கெட்டிக்காரி. பிளான்ட் இன்சார்ஜ் ஆக்கினோம். தொட்டியும் அவள் பொறுப்புக்குப் போனது. மாலை போட்டு போட்டோ எடுத்த அன்று அவள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை.

வேலையை நன்றாகவே செய்தாள். நான் நினைத்ததைவிட நன்றாக. இத்தனை வருஷம் என் குரலுக்குப் பயந்து நகர்ந்த ஆட்கள், அவள் சொன்னால் மனசார செய்தார்கள். சீசனில் தொட்டி நிரம்பியது. வாசலில் கிழங்கு லாரிகள் வரிசையாக நின்றன. ரெண்டு நாள் போனால் எல்லாம் அழுகிவிடும். ஆளை இறக்கச் சொன்னேன்.

"ப்ளோயர் இல்லாம யாரையும் எறக்க மாட்டேன் சார். மில்ல நிறுத்தினாலும் சரி" என்றாள், லோடுமேன்கள் எல்லோருக்கும் நடுவில்.

எனக்குக் கோபமில்லை. சிரித்துக்கொண்டேன். பொறுப்பைத்தான் அவளுக்குக் கொடுத்திருந்தோம், முடியாது என்று சொல்லும் அதிகாரத்தை யாரும் கொடுக்கவில்லை.

மறுநாள் கள்ளக்குறிச்சியில் மகளிர் தின விழா. பெண்களின் தலைமை பற்றிப் பேச ஆள் கேட்டார்கள். ஆலை காரிலேயே அவளை அனுப்பிவைத்தேன். மதியம் சேறு அள்ளும் ஆட்கள் இருசப்பனையும் சின்னக்கண்ணுவையும் தொட்டிக்கு அழைத்துப் போனேன். இருசப்பன் அவளுக்குச் சித்தப்பா.

"பாப்பா வேணாம்னு சொல்லிக்கினு இருந்துச்சே சார்?" என்றார்.

"காலைல அவங்களே தொட்டில காத்த சோதிச்சுப் பாத்துட்டுத்தான் போனாங்க. இப்ப எறங்கலாம்னு சொன்னாங்க."

"பாப்பா பாத்துச்சின்னா சரியாத்தான் இருக்கும். வாடா சின்னக்கண்ணு."

நானாகச் சொல்லியிருந்தால் இறங்கியிருக்க மாட்டார்கள் மேடம். இருசப்பன் இறங்கினார். சத்தமே வரவில்லை. தூக்கப் போன சின்னக்கண்ணுவும் திரும்பவில்லை. நான் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். யாராவது பார்த்துவிட்டுக் கத்தட்டும் என்று இருந்தேன்.

சாயங்காலம் தேவதர்ஷினி, விழாவில் தனக்குப் போட்ட சால்வையோடு காரை விட்டு இறங்கினாள். இருசப்பன் பெண்சாதி ராஜாம்பாள் ஓடிப்போய் அவள் தலைமுடியைப் பிடித்தாள். "ஒங்க சித்தப்பன கொன்னுட்டியேடி!"

"நான் எறங்கச் சொல்லவே இல்ல சித்தி" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அவங்கதான் இன்சார்ஜ். அவங்க சொல்லாம இங்க யாரும் எறங்க மாட்டாங்க" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

நான் அவர்களைத் தொட்டிக்கு அழைத்துப் போனது கேமராவில் தெரிகிறது என்கிறீர்கள். மறுக்கவில்லை. வாயு இருப்பது தெரிந்துதான் அனுப்பினேன், அவள் பெயரைச் சொல்லித்தான் அனுப்பினேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இதை ஊரில் படித்துக் காட்டினாலும் ராஜாம்பாள் இனி அவள் முகத்தில் விழிக்க மாட்டாள். இன்சார்ஜ் என்று கைதாகி ஜாமீனில் வந்தவள் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லையாம். அவள் அப்பா அவளை எங்கேயாவது தூரத்தில் கட்டிக்கொடுக்க மாப்பிள்ளை தேடிக்கொண்டிருக்கிறார்.

அந்த இடத்தை நான் காலியாக விட நினைக்கவில்லை. போன வாரம் லேபில் இருக்கும் அபிநயாவைக் கூப்பிட்டு, நீ இன்சார்ஜாக இரும்மா என்றேன். அவளும் படித்தவள், கெட்டிக்காரிதான். "வேணாங்க சார், எனக்கு இதே போதும்" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். மேலே வர வேண்டும் என்ற ஆசை பெண்களுக்கே இல்லை என்றால், ஒரு நிறுவனம் என்னதான் செய்ய முடியும், மேடம்?