லாசரஸுக்கு வந்த மூன்று கடிதங்கள்

நீங்கள் கதவைத் தட்டிய சத்தத்தில் அடுப்பிலிருந்த பாலை மறந்துவிட்டேன், பொங்கி வழிந்துவிட்டது. பரவாயில்லை. உட்காருங்கள், இன்ஸ்பெக்டர். சொல்கிறேன்.

ஜாலான் புசாரில் நான் கணக்கு எழுதும் கிராணியாக இருக்கும் இரும்புச் சாமான் கடையில்தான் லாசரஸும் ஸ்டோரில் வேலை பார்த்தான். அவனுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. கடை முகவரிக்கு வரும் கடிதங்களைப் பிரித்து ஆட்களுக்குப் படித்துச் சொல்வது என் வழக்கம். இந்த 1986-ஆம் வருஷம் ஜனவரியில், இருமலுக்குப் பரிசோதனை செய்த மருத்துவமனையிலிருந்து அவனுக்கு ஒன்று வந்தது. நுரையீரலில் புற்றுநோய், ஆரம்ப நிலைதான், உடனே வந்தால் வெட்டி எடுத்துவிடலாம்.

"என்னண்ணே, பெட்டி அடிக்கச் சொல்லிட்டானா?" என்று சிரித்தான்.

"நீ எருமை மாதிரி திடமா இருக்கேன்னு எழுதியிருக்கான்லா."

யோசித்துத்தான் சொன்னேன். அவனுக்கு மருத்துவக் காப்புறுதி பாலிசி எதுவும் கிடையாது. நோய் இருப்பவனுக்கு யாரும் தரவும் மாட்டார்கள். மறைத்து எழுது என்றால் லாசரஸ் கேட்க மாட்டான். வாரம் தவறாமல் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்பவன். ஆக, அவனுக்கே தெரியாமல் இருப்பதுதான் வழி. மறுவாரம் காப்புறுதி முகவர் பாலகிருஷ்ணன் படிவத்தோடு வந்து, ஏதாவது நோய் உண்டா என்று கேட்டார்.

"மாதா சத்தியமா ஒண்ணுமில்ல சார்" என்றான். அவன் பொய் சொல்லவில்லை.

பாலிசி கிடைத்தது. ஆறு மாதம் கழித்துத்தான் செலவை ஏற்பார்கள். அதுவரை பொறுக்க வேண்டியிருந்தது. இருமலுக்கு நானே மருந்து வாங்கிக் கொடுத்தேன். மனைவி போன பிறகு இந்த ஈசூன் வீட்டில் நான் ஒருவன்தான். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் லாசரஸ் வந்துவிடுவான். மீன் குழம்பு வைப்பேன். பொழுது சாயும்வரை தாயம் ஆடுவோம். தோற்றால் என்னைக் கள்ளன் என்பான். மருத்துவமனையிலிருந்து இன்னும் இரண்டு கடிதங்கள் வந்தன. அவற்றையும் பத்திரப்படுத்தினேன்.

நவம்பரில் கடையிலேயே இரத்தம் கக்கி விழுந்தான். போன வாரம் அடக்கம். மருத்துவமனையில் அவன் தங்கை பிரிஜட்டிடம் மூன்று கடிதங்களின் நகலையும் காட்டினார்களாம். அதனால்தானே வந்திருக்கிறீர்கள்? நான் அவனுக்கு நல்லதுதான் நினைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

"ஆறு மாசம் ஜூலையிலேயே முடிஞ்சிருச்சே. அப்பவாவது ஏன் சொல்லல?" என்கிறீர்கள்.

"சொன்னா ஆஸ்பத்திரிக்குப் போயிருவானே சார். ஞாயித்துக்கெழம நான் யாரோட சாப்பிடுறது?"