மாஹிமில் இறங்காதவள்

பூமாரி: கதவ நல்லாத் தொறக்கா. வெயில்ல நிக்கேன்.

பேராச்சி: அங்கனயே நில்லுட்டி. உள்ள வந்தா ஒனக்கும் ஒட்டிக்கிடும்.

பூமாரி: அத்தான் எப்படி இருக்காவ?

பேராச்சி: மெதுவாப் பேசு, ஒறங்குதாவ. எட்டு நாளாச்சு. இன்னைக்கு விடியத்தான் காய்ச்சல் விட்டுச்சு.

பூமாரி: ஹாங்காங் காய்ச்சலாம். பேப்பர்லயே போட்டுட்டானாம்.

பேராச்சி: எந்த ஊருக் காய்ச்சலோ, தாராவியிலதான் ஒத்த ரூம்புக் கோலி பிடிச்சுக் குடியிருக்கு.

பூமாரி: பகடிக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல. கண்ணு குழிஞ்சு கெடக்கு... ஒறங்குனியா?

பேராச்சி: எங்க ஒறங்க? கண்ண மூடுனா ‘பேராச்சி’ன்னு கூப்பிடுதாவ. கூப்பிடாதப்பவும் காதுல அதேதான் கேக்கு.

பூமாரி: யக்கா... இப்ப வரும்போது பக்கத்துக் கோலி மெஹராஜ் என்னைய நிறுத்திச் சொன்னாவ.

பேராச்சி: என்ன சொன்னா?

பூமாரி: நேத்து மத்தியானம் ஒங் கோலியில வெளிப்பூட்டு தொங்குச்சாம். உள்ளருந்து அத்தான் கதவத் தட்டுனாவளாம்.

பேராச்சி: ...மருந்து வாங்கப் போனேன்.

பூமாரி: நாலு மணி நேரமா?

பேராச்சி: மருந்து வாங்கத்தான்ட்டி போனேன். மாஹிம் ஸ்டேஷன் பக்கத்துல போறேன்... வண்டி வந்து நிக்கு. லேடீஸ் டப்பா காலியாக் கெடக்கு. ஏறி உக்காந்துட்டேன்.

பூமாரி: எங்க போக?

பேராச்சி: எங்கயும் இல்ல. கடைசி ஸ்டேஷன் சர்ச்கேட் வரை போனேன், அதுலயே திரும்புனேன். மாஹிம் வந்துச்சு... எறங்கணும்னு தெரியுது, காலு எந்திரிக்கல. பாந்த்ரா போயி மறுபடியும் சர்ச்கேட். யாருமே கூப்பிடல பூமாரி.

பூமாரி: அதுக்குள்ள அத்தானுக்கு ஏதாவது ஆயிருந்தா?

பேராச்சி: அதையும் நெனச்சேன். ஆயிருந்தா... இன்னைக்கு ஒறங்கலாமேன்னு நெனச்சேன்.

பூமாரி: யக்கா, வாய மூடு.

பேராச்சி: வந்து தொறந்தா, கதவுல சாஞ்சு உக்காந்திருக்காவ. தவழ்ந்து வந்திருக்காவ. தண்ணிப் பானை கவுந்து கெடக்கு. ஒரு வார்த்த ஏசல. ‘வந்துட்டியா... ஊருக்குப் போயிட்டியோன்னு நெனச்சேன்’னாவ. அவ்வளவுதான்.

பூமாரி: ஐயோ, அத்தான்.

பேராச்சி: நீயாவது ஏசு. யாராவது ஏசுனாத் தேவல.

பூமாரி: நான் எப்படிக்கா ஒன்ன ஏசுவேன்?

பேராச்சி: அழாதட்டி. காய்ச்சல்தான் விட்டுட்டே, உள்ள வா. வந்ததுக்கு ரெண்டு நாள் கூட இரு, போதும். ஒம் மாப்பிள்ளட்டச் சொல்லிட்டுத்தான வந்த?

பூமாரி: அவியளுக்கு அஞ்சு நாளாக் காய்ச்சல். காலையில தண்ணி கேட்டாவ. கொடத்தத் தூக்கிட்டுக் குழாய்க்குத்தான்க்கா வந்தேன்... கொடம் இன்னும் வடாலாவுல எங்க தெருக் குழாயடியிலதான் இருக்கு.