இடது ஓரத்தில் சின்னவன்

உட்காருங்கள் டாக்டர், ஃபேனைக் கொஞ்சம் வேகமாக வைக்கிறேன். செத்துப்போன அத்தையைக்கூட அடையாளம் சொல்கிற அம்மா, என் தம்பியை மட்டும் எப்படி மறந்தாள் என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. இதற்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

கம்ப்யூட்டரில் விளம்பரப் படங்கள் செய்வது என் பிழைப்பு. சோப்பு, நுரை, சிரிக்கிற பெண் எல்லாம் கண்ணாடித்தாள் அடுக்கியதுபோல் தனித்தனி லேயராக இருக்கும். எது எங்கே நிற்கிறது என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தால் வேலைக்கு ஆகாது. அதற்காக ஸ்கிரிப்ட் என்று ஒரு குட்டி புரோகிராம் எழுதி வைத்திருக்கிறேன். ஓடவிட்டால், இடது ஓரத்திலிருந்து இவ்வளவு, மேலிருந்து இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் எண் சொல்லிவிடும். நகர்த்தச் சொன்னால் நகர்த்தியும் வைக்கும். தங்கமான பிள்ளை.

"குடும்பப் படம் ஒண்ணு கட்டிலுக்கு எதிர்ல வைங்க, தினமும் காட்டி யார் யாருன்னு சொல்லுங்க" என்றது நீங்கள்தான். நாங்கள் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டதே இல்லை. ஆளுக்கொரு படத்திலிருந்து வெட்டி ஒட்டி, கட்டிலுக்கு எதிரே ஒரு கம்ப்யூட்டர் திரையில் வைத்தேன். அம்மாவின் தோளை ஒட்டிச் சின்னவனை நிறுத்தியதும் நான்தான்.

அம்மாவைக் குளிப்பாட்டுவது நான், ஊட்டுவது நான். வாயைத் துடைத்துவிட்டால், "சின்னவன் சாப்பிட்டானாடா?" என்பாள். அந்தத் துரை போன்கூடப் பண்ண மாட்டார். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

ஒருநாள் அவன் லேயரை மட்டும் மறைத்துப் பார்த்தேன். "எங்கடா என் பிள்ளை?" என்று வீட்டை ரெண்டாக்கிவிட்டாள். அவசரப்பட்டது என் தப்புதான். அதற்குப் பிறகு தினமும் ஸ்கிரிப்ட் அவன் நிற்கிற இடத்தைப் படித்து, ஒரு மயிரிழை இடப்பக்கம் தள்ளும். என்னை அதே அளவு அம்மா பக்கம் இழுக்கும். சோபாக் கைப்பிடிக்குப் போனான், அங்கிருந்து திரைச்சீலைக்குப் போனான், கொஞ்சநாள் அரை முகமாக நின்றான். பெயர் சொல்லிக் காட்டும்போது அவன் பக்கம் விரல் நீட்டுவதை முன்பே நிறுத்தியிருந்தேன். ஒருநாள் ஓரத்தைத் தாண்டிவிட்டான். அம்மா கவனிக்கவே இல்லை.

போன வாரம் சின்னவன் நேரிலேயே பெட்டியோடு வந்து, "நான்தாம்மா" என்று அவள் கையைப் பிடித்தான். அம்மா கையை மெதுவாக உருவிக்கொண்டாள். "நீங்க யாருப்பா? பெரியவனைப் பாக்கணுமா? உக்காருங்க, டீ போடறான்" என்றாள். மாடிப்படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். "மறதி நோய்டா, மனசுல வெச்சுக்காத" என்று முதுகைத் தட்டிக்கொடுத்தேன். அண்ணன் இல்லையா?

அழித்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஃபைலில் இன்னும் இருக்கிறான். படச் சட்டத்துக்கு வெளியே எங்கே நிற்கிறான் என்று ஸ்கிரிப்டைக் கேட்டால் இப்போதே சொல்லும்.

சாயங்காலமானால் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு, "ஒருத்தன் வரணுமேடா, யாருடா அது?" என்பாள். "எல்லாரும் வந்தாச்சும்மா" என்பேன். கொஞ்ச நேரம் அழுவாள். எதற்கென்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

அழுகிறாள்தான், டாக்டர். ஆனால் அவனுக்காக அழவில்லை, பாருங்கள்.