ரெண்டு குறியும் திரும்பணும்

ஹலோ, சசி... நாந்தான்டா, கலைச்செல்வன். எங்க இருக்க?... இன்னும் வடலூர்லயா?... சரி சரி, பஸ்ஸு ஏறிட்டல்ல... நான் பரீட்ச எழுதுற ஸ்கூலு கேட்டுக்கே வந்துட்டேன். போனெல்லாம் வாங்கி வெச்சிகினு இருக்காங்க. எனக்கு முன்னாடி நாலு பேருதான். நான் சொல்றத மட்டும் கேளு.

நோட்டு இருக்கா?... எடு. நேத்து ஷிப்ட் பஸ்ல, டிபன் பாக்ஸ் மேல வெச்சி ஒரு கணக்கு போட்டுக் காட்டுனேன்ல... ஆமா ஆமா, அதான். மைனஸ் நாலுக்கும் ஆறுக்கும் நடுவுல மைனஸ் ரெண்டு எக்ஸு, ஆறு மட்டும் சேரும். அது தப்பு...

நீ தப்பா எழுதலடா, நான் தப்பா சொன்னேன். மைனஸ் ரெண்டால வகுத்தா, சின்னது பெருசுன்னு போடுற குறியில ஒண்ண மட்டும் திருப்புன்னேன்ல... இல்ல. ரெண்டு குறியும் திரும்பணும்... ஆமான்றேன், ரெண்டும்.

எப்படின்னா... எக்ஸுக்கு ஜீரோ போட்டுப் பாரு. மைனஸ் நாலு, ஜீரோ, ஆறு. சரியா உக்காருதா?... ஆனா நாம வரைஞ்ச கோட்டுல ஜீரோவே வரல. மைனஸ் மூணுலேர்ந்து இடது பக்கமா ஓடிகினே இருக்குது. அடிச்சிடு அத. மைனஸ் மூணுல நெறைச்ச வட்டம், ரெண்டுல வெறும் வட்டம், நடுவுல கோடு... மைனஸ் மூணு சேரும், ரெண்டு சேராது... திருப்பிச் சொல்லு... ம்... ம்... அவ்ளோதான்.

எப்பக் கண்டுபுடிச்சேனா?... இப்பதான், வரும்போது... இல்லடா. சசி... பொய் சொல்ல வாய் வரல. நேத்து நீ பஸ்ஸ வுட்டு எறங்குனதுமே தெரிஞ்சிடுச்சி. வூட்டுக்கு வந்து போன எடுத்தேன்... வெச்சிட்டேன்.

ஏனா? நாம ரெண்டு பேரும் எழுதுற பரீட்சைக்கு பர்மனென்ட்டு வேல ஒரே இடம். பதினோரு வருசமா ரெண்டு பேரும் காண்ட்ராக்ட்டு... எனக்குப் புத்தி கெட்டுப்போச்சி. காலையில சோறு எறங்கல.

திட்டணும்னா திட்டுடா...

இதோ குடுத்துடறேன் சார், ஒரே நிமிசம்...

என்ன?... வேறயா?... வேற ஒண்ணும் தப்பா சொல்லல. அந்த ஒரு கணக்குதான், எம்புள்ள மேல சத்தியமா... ஒரு மாசமா சொல்லிக்குடுத்த மத்ததெல்லாம் சரிதான் சசி... என்னது, நோட்டுல அடிச்சிட்டியா?... எல்லாத்தையுமா?... டேய், அதெல்லாம் சரிடா, அடிக்காத... சசி... ஹலோ?...