ராஜினாமாவுக்கு ஒரு வார வாய்தா

"ஹலோ… ஹலோ சார்… ஆமா சார், நான்தான்… ஐயோ, வெச்சிடாதீங்க! சாப்பிட்டுட்டு இருக்கீங்களா? ஒரே நிமிஷம் சார்…"

சோபாவில் வயிற்றின்மேல் தலையணையை அணைத்தபடி படுத்திருந்த கணவர் கண்களை மூடிக்கொண்டார். அவருக்குக் குடலிறக்கம். ஆபரேஷன் முடியும்வரை தும்மக் கூடாது, இருமக் கூடாது, முக்கியமாகச் சிரிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த மனைவியோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு எப்படிச் சிரிக்காமல் இருப்பது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

"நேத்து நான் பேசினதா?… அது சும்மா ஒரு ஜாலிக்கு சார். வேலையை விட்டுப் போறவளை வழியனுப்பறப்ப நாலு பேர் சிரிச்சாத்தானே நல்லாருக்கும்… ஆமா… ஆமா சார், எல்லாரும்தான் சிரிச்சாங்க… டைரக்டருமா? நான் கவனிக்கலையே…"

பச்சைப் பொய். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நேற்று வீட்டுக்குள் நுழையும்போதே நடித்துக் காட்டியவள் அவள். லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் புகார் போன் எடுப்பது அவள் வேலை. இப்போது போனில் இருக்கும் மேலாளருக்கு ஒரு வழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் மூன்று முறை தொண்டையைச் செருமுவார். "அதாவது, நான் என்ன சொல்ல வர்றேன்னா" என்று ஆரம்பிப்பார். அதற்குமேல் ஒன்றும் வராது. நேற்று வழியனுப்பு விழா மேடையில் அவள் முழுசாக அவராகவே மாறிவிட்டாள்.

"விஷயத்துக்கு வர்றேன் சார். வர்ற புதன்கிழமை எங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன்… ஆமா, அந்த வயிறுதான். நம்ம கம்பெனி இன்சூரன்ஸை நம்பித்தான் நாள் குறிச்சோம். இப்ப என்னடான்னா, இன்னைக்கு சனிக்கிழமை லீவுன்னாலும், சாயங்காலத்தோட என் வேலை முடியுதில்ல, அதோட அதுவும் முடியுதாம்… தெரியாது சார், மாசக் கடைசி வரைக்கும் ஓடும்னு நினைச்சுட்டேன். காலைல ஆஸ்பத்திரிக்காரங்க சொல்லித்தான் தெரியும்… புது ஆபீஸா? சேர்ற அன்னைக்கே கொடுத்துடுவாங்க. ஆனா சேர்றது அடுத்த வாரம் இல்ல, அதுக்கடுத்த திங்கள்… ஆமா… ஆமா சார், நம்ம பாஷைல சொன்னா, ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோன லிஃப்ட்டுதான் நான்…"

கணவர் தலையணையை இறுக்கிக்கொண்டார்.

"தனியா பாலிசி எடுக்கறதா? கேட்டுப் பார்த்துட்டேன். ஏற்கெனவே இருக்கிற கோளாறுக்கு உடனே தர மாட்டாங்களாம்… தள்ளிப்போடக் கூடாதுங்கறாங்க சார். குடல் மாட்டிக்கிச்சுன்னா… ஆபத்தாம்…"

கடைசிச் சொல்லில் குரல் இறங்கிப்போனது. கணவர் கண்ணைத் திறந்தார். காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்ததும், சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, வழிகிற பாத்திரத்தைப் பார்த்தபடியே வெகுநேரம் நின்றிருந்தாள். எல்லார் குரலிலும் பேசத் தெரிந்தவளுக்கு அப்போது தன் குரலே வரவில்லை.

"அதனால என் கடைசி நாளை மட்டும் அடுத்த வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி வெச்சிடுங்க சார். கணக்குப்படி சாயங்காலம் வரைக்கும் நான் உங்க ஆளுதானே?… சும்மா இல்ல, வேலைக்கே வர்றேன். ஆபரேஷனுக்கு மட்டும் லீவு… என் இடத்துக்குப் புதுசா வர்ற பொண்ணு இன்னும் சேரலையே, அதுவரைக்கும் புகார் போனை யார் எடுப்பாங்க?… நீங்களேவா!… இல்ல சார், நான் சிரிக்கலை. இங்க யாருமே சிரிக்கக் கூடாது…"

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு கணவர் பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் முதல் செருமல் கேட்டதும் ஒரு விரலை உயர்த்தினாள். அப்புறம் இரண்டாவது விரல். மூன்றாவது. பிறகு சத்தமே வராமல், உதட்டை மட்டும் அசைத்து, மேலாளரோடு சேர்ந்து அந்த வாக்கியத்தை ஆரம்பித்தாள். "வேணாம்டி, தாயே" என்று கணவர் கைகூப்பினார்.

"சார்?… சார், லைன்ல இருக்கீங்களா?… யாரு?… சாரோட வீட்டம்மாவா? வணக்கம் மேடம்! ஸ்பீக்கர்லயா போட்டிருந்தார்?… எல்லாத்தையும் கேட்டுட்டீங்களா?… நேத்தா? நேத்து ஒண்ணும் விசேஷமில்லையே… டைரக்டர் வீட்டம்மா போன் பண்ணிச் சொன்னாங்களா!… இப்பவா மேடம்? சாரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டா?… செஞ்சு காட்டினா கையெழுத்து வாங்கித் தருவீங்களா?"

கணவரின் முகத்தைப் பார்க்காமல் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்று முறை செருமினாள்.

"அதாவது… நான் என்ன சொல்ல வர்றேன்னா… லிஃப்ட்டுக்குள்ள மாட்டிக்கிட்டவரு… கொஞ்சம் வெளிய வந்து சொன்னா… விவரமாப் பேசலாம்…"

அந்தப் பக்கம் வெடித்த சிரிப்பு சோபாவரை கேட்டது. கணவர் தலையணை முனையைக் கடித்தார். கண்ணில் நீர் முட்டியது. அது வலியா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை.

"மேடம், மெதுவா… மூச்சு விடுங்க… வீட்லயும் இதேதானா?… அக்கான்னே கூப்பிடவா? சரிக்கா… சார் என்ன பண்றார்?… பேனாவைத் தேடறாரா!… சார்! நன்றி சார்… சத்தியமா கிண்டல் இல்ல, இது நிஜ நன்றி… திங்கட்கிழமை காலைல முதல் ஆளா வந்துடறேன்… என்னது? நேத்துக் கொடுத்த கடிகாரமா? கொண்டு வர்றேன் சார், சுத்தின தாளைக்கூட இன்னும் பிரிக்கலை…"

சுவரில் அந்தக் கடிகாரம் டிக் டிக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

"மறுபடியும் விழாவா? வேணாம் சார். இந்த முறை நான் வாயையே திறக்க மாட்டேன்… அக்காவும் வர்றாங்களா? முன் வரிசைலயா?… பேசித்தான் ஆகணுமா?… நீங்களே உத்தரவு போடறீங்களா! யாரை மாதிரி சார்?… டைரக்டர் மாதிரியா!… சார், யோசிச்சுத்தான் சொல்றீங்களா? அப்புறம் உங்க இன்சூரன்ஸ் என்ன ஆகும்?… ஹலோ?… சார்?…"

போனைக் கீழே இறக்கிவிட்டு அவள் கணவரைப் பார்த்தாள்.

"மூணு தடவை செருமினார். கட் பண்ணிட்டார்."