பேயாகிவிட்ட அக்கா

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெருசுகள். "எங்க அக்காவப் பேயாக்கிட்டீகளே, அத்தான்!" என்றார் ஜன்னலோரத்துக்காரர். நான் இயர்போனைக் கழற்றிவிட்டேன்.

அத்தான்காரர் வாரப் பத்திரிகையில் பேய்க்கதை எழுதுகிறவராம். போன வருஷம் செத்துப்போன மனைவியையே தொடர்கதையில் பேயாக உலவ விட்டிருக்கிறார்.

"பேரக்கூட மாத்தலையே. அதே மூக்குத்தி, அதே கொத்துச்சாவி. என் மகளப் பொண்ணு பாக்க வந்தவுக, 'இவ அத்தைதான அந்தப் பேயி'ன்னு கேக்காக."

"பயந்துட்டாகளா?"

"சிரிக்காக, அத்தான்! இந்த வாரத்தோட அக்காவ அனுப்பி வச்சிருங்க."

"அனுப்பிட்டு, அம்புட்டுப் பெரிய வீட்டுல நான் யாரோட இருக்க, மாப்ள?"

"அதுக்காக ஊரையே பயங்காட்டணுமா?"

"யாரு பயந்தா? 'அவுக இப்ப எப்படி இருக்காக'ன்னுதான் வாசகருக கடுதாசி போடுதாக. காரியம் முடிஞ்ச பொறவு நீங்க யாரும் அவளப் பத்தி ஒரு வார்த்த பேசலையே."

ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணில் பட்டது. மச்சினர் மெதுவாகக் கேட்டார்.

"இந்த வாரம் அக்கா என்ன செய்யுதா, அத்தான்?"

"அடுப்படியில நிக்கா. எனக்குச் சுகர் கூடிருச்சுன்னு சீனி டப்பாவ ஒளிச்சு வைக்கா."